ஒரே நாடாவில் இரண்டு அளவு: 5 மீற்றர் நாடா ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டத் தொடங்கியபோது, ஏ9 வீதியோரத்திலுள்ள ஒரு கட்டடப்பொருட் கடையில் 5 மீற்றர் அளவுநாடா ஒன்றை வாங்கினேன். விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். மேல் விளிம்பில் அடியும் அங்குலமும், கீழ் விளிம்பில் சென்ரிமீற்றரும் மில்லிமீற்றரும் அச்சிடப்பட்ட, மேசன்மாரின் இடுப்பில் தொங்குகின்ற அதே வகை மஞ்சள் நாடா. ஆறு மாத வேலையில் அது எப்படி உழைத்தது என்பதையும், இரண்டு அளவுமுறைகளும் ஒன்றாக இருப்பது வசதி என்று நினைத்து நான் அதைத் தேர்ந்தது ஏன் பிழையாகிப் போனது என்பதையும் எழுதுகிறேன்.

பொருள் என்ற வகையில் குறை சொல்வதற்கு அதிகமில்லை. தகடு 25 மில்லிமீற்றர் அகலம் என்பதால், ஏறக்குறைய இரண்டு மீற்றர் வரை ஆளில்லாமல் நீட்டிப் பிடித்தாலும் மடிந்து விழுவதில்லை. பூட்டு உறுதியானது. முனையிலுள்ள கொக்கி சற்று ஆடுகிறது என்று சிலர் நாடாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அது பழுதல்ல. பொருளின் விளிம்பில் கொழுவி இழுக்கும்போதும், சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும், கொக்கித் தகட்டின் தடிப்பு அளவில் பிழைவராமல் இருப்பதற்காகவே அது அந்தத் தடிப்பளவுக்கு ஆடும்படி செய்யப்படுகிறது. தகட்டின் தொடக்கத்தில் உரோம எண்ணில் இரண்டு என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. இரண்டாம் தர நாடாவில் 5 மீற்றர் நீளத்துக்கு அனுமதிக்கப்படும் வழு 1.3 மில்லிமீற்றர் மட்டுமே. எனது நாடாவில் அந்தக் குறி இருந்தது. ஆனால் 16 அங்குலத்துக்கு ஒருமுறை சிவப்புக் கட்டமும், 19.2 அங்குலத்துக்கு ஒருமுறை கறுப்பு வைரக் குறியும் கூடவே இருந்தன. அவை அமெரிக்காவில் மரச்சட்டங்களால் வீடு கட்டுவோருக்கு உரியவை. சீமெந்துக் கல்லால் சுவர் எழுப்பும் வன்னியில் அவற்றால் ஒரு பயனும் இல்லை.

சிக்கல் யன்னலில் வந்தது. நிலையின் உள்ளளவு நான்கு அடிக்கு மூன்றரை அடி. அதில் பொருத்தும் இரும்புக் கிறிலுக்காக அந்த அளவைத் தொலைபேசியில் இரும்பு ஒட்டும் பட்டறைக்குச் சொன்னேன். அவர்கள் அடிக்கு 300 மில்லிமீற்றர் என்று தங்கள் வழக்கப்படி கணக்கிட்டு, 1200க்கு 1050 என்று எழுதிக் கிறில் செய்துவிட்டார்கள். ஓர் அடி என்பது 304.8 மில்லிமீற்றர், ஆகவே நிலையின் உண்மையான உள்ளளவு 1219க்கு 1067. கிறிலை உள்ளே வைத்துப் பார்த்த மேசனார் தலையை அசைத்து, "அண்ணை, ஆறு நூல் குறையுது" என்றார். நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று என்பதால், ஆறு நூல் ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். நாடாவை எடுக்காமல், கண்ணால் பார்த்தே அவர் அதைச் சொன்னார். பிழையில் பாதி பட்டறையுடையது, பாதி என்னுடையது. ஏனென்றால் இரண்டு அளவும் உள்ள நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே நான் அடிக்கணக்கில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு யோசித்தபோதுதான் நாடாவின் அமைப்பே அதற்கு வழி செய்ததைக் கவனித்தேன். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் கொக்கியை இடப்பக்கத்தில் கொழுவி நாடாவை வலப்பக்கம் இழுத்து, பலகையில் பென்சிலால் குறியிடும்போது, பென்சில் தொடுவது மேல் விளிம்பையே. அங்கே இருப்பது அங்குலம். மில்லிமீற்றரில் குறியிட வேண்டுமானால் கீழ் விளிம்பைப் பார்த்து, எண்ணைத் தகட்டின் குறுக்காக மேலே கொண்டுவர வேண்டும். அல்லது நாடாவைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். வேலை அவசரத்தில் எவரும் அதைச் செய்யமாட்டார்கள். பெயருக்கு இரண்டு அளவும் இருந்தாலும், கை போவது ஒன்றிடம்தான்.

ஆனால் மேசனாருக்கு மீற்றர் முறை தெரியாது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கம்பி வாங்க அனுப்பினால் "பத்து மில்லி", "பன்னிரண்டு மில்லி" என்றுதான் எழுதித் தருவார். சீமெந்து அவருக்கு 50 கிலோப் பை. அந்தப் பொருள்கள் அந்த அளவிலேயே செய்யப்பட்டு அந்தப் பெயரிலேயே விற்கப்படுவதால், மாற்றிக் கணக்கிடும் தேவை அவருக்கு வருவதில்லை. பிளாஸ்ரிக் பைப்பில் நிலைமை வேறு. அதன் மேல் 20 என்று அச்சிட்டிருக்கும், கடைக்காரரும் நாமும் அதை அரை இஞ்சி, அதாவது அரை அங்குலம், என்போம். அரை இஞ்சி என்பது 12.7 மில்லிமீற்றர்தானே என்று எவரும் கேட்பதில்லை. பாணும் அப்படியே. இறாத்தல் என்ற பெயர் நிலைத்துவிட்டது, சட்டம் கேட்கும் நிறையோ 450 கிராம். உண்மையான இறாத்தலுக்கு அது மூன்றரைக் கிராம் குறைவு, அதனால் எவருக்கும் நட்டமில்லை. யன்னலில் அப்படி விட்டுவிட முடியாது.

தரைக்கு ஓடு பதிக்கும்போதும் இதே கதை. இரண்டடி ஓடு என்று விற்கப்படுவது 600 மில்லிமீற்றர் ஓடு. பத்தடி அகல அறைக்கு ஐந்து ஓடுகள் போதும் என்று நினைத்தால், சுவரோரத்தில் 48 மில்லிமீற்றர் வெறுமையாக எஞ்சும். அதை மூட ஒவ்வொரு வரிசைக்கும் இன்னோர் ஓடு வெட்ட வேண்டியிருந்தது. அறையை முதலிலேயே 3 மீற்றரோடு இடைவெளிக் கோடுகளுக்கு மட்டும் சற்று இடம் விட்டு எழுப்பியிருந்தால் வெட்டாமலே பதித்து முடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வெளியே போனால் இன்னும் பழைய அளவுகள்தான். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தை அடியில் சொன்னால்தான் கமக்காரருக்கு மனதில் பதியும். வயல் ஏக்கரில், நெல் விளைச்சல் புசலில், பஸ்ஸில் இறங்கும் இடம் 155ஆம் கட்டை, அதாவது மைற்கல். இவற்றையெல்லாம் மாற்ற வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. ஒரே அளவைப் பேசுகிறவர்களுக்கிடையில் எந்த அளவும் நல்ல அளவே. மேசனார் அங்குலத்திலும், பட்டறை மில்லிமீற்றரிலும், நான் இரண்டுக்கும் நடுவிலும் நின்றதால்தான் கிறில் ஆடியது.

இரண்டாவது யன்னலுக்கு முன், இரு விளிம்பிலும் மில்லிமீற்றர் மட்டுமே உள்ள நாடாவைத் தேடிப் போனேன். மூன்று கடைகள் ஏறி இறங்கிய பிறகுதான் கிடைத்தது. முதற் கடையில் இருந்த பெரியவர், "அதை ஆர் தம்பி வாங்கிறது? மேசன்மார் இஞ்சி இல்லாட்டில் தொடமாட்டினம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. கிடைத்த நாடாவின் தகடு 19 மில்லிமீற்றர் அகலமே என்பதால் ஒன்றரை மீற்றரிலேயே மடிகிறது, பூட்டும் முதலாவதைப் போல இறுக்கமில்லை. விலையோ இருநூறு ரூபாய் கூட. ஆயினும் எந்த விளிம்பில் பென்சிலை வைத்தாலும் ஒரே எண்தான் வருகிறது.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: தகரம், மரம் போன்றவற்றை அடிக்கணக்கில் வாங்குவோருக்கு முதலாவது நாடா தாராளமாகப் போதும், தரமும் நல்லது. யன்னல், கதவு, கிறில், சமையலறைத் தட்டு என்று அளவைச் சொல்லி வெளியே செய்விப்போர் மில்லிமீற்றர் நாடாவையே வாங்குங்கள். அளவை வாயால் சொல்லாமல் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். இரண்டாவது நிலையின் உள்ளளவை 1210 என்று எழுதிக் கொடுத்தேன், கிறில் 1200க்கு வந்தது, பக்கத்துக்கு ஐந்து மில்லிமீற்றர் இடைவெளியோடு உள்ளே போய் இருந்தது. மேசனார் அந்த நாடாவை வாங்கிப் புரட்டிப் பார்த்து, எந்தக் கடை என்று விசாரித்தார். சொன்னேன். "நல்ல சாமான்தான் அண்ணை, இதிலை இஞ்சியும் இருக்கிறதொண்டு அங்கை கிடக்குமோ?" என்று கேட்டார்.