பாதி ஓசூர் திறந்தது, பாதி திறக்கவில்லை: யஷ்வந்த்பூர் சர்வர் பராமரிப்புச் சேவை குறித்து

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில், கிடங்குப் பொறுப்போடு கணினிப் பொறுப்பையும் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். எங்கள் சரக்குக் கணக்கு முழுவதும் பீன்யாவில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரில் இருக்கிறது. ஓசூரில் உள்ள எங்கள் இரண்டாம் பிரிவும் லீஸ்டு லைன் (இரு இடங்களை இணைக்க வாடகைக்கு எடுத்த தனித் தொடர்பு) வழியாக இதே சர்வரைத்தான் பயன்படுத்துகிறது. சென்ற மாதம் இந்த இணைப்பு அரைகுறையாக அறுந்தபோது, யஷ்வந்த்பூரில் தனியாளாகச் சர்வர் பராமரிப்புச் சேவை நடத்தும் ஒரு தமிழ் இளைஞரை அழைத்தோம். தம் பெயரையும் எண்ணையும் பொதுவெளியில் இட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தை, குறைகளையும் சேர்த்து, விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் இதே கோளாறை லைன் கோளாறு என்று நம்பிப் பணத்தையும் நாட்களையும் இழப்பவர்கள் நம் ஊர்த் தொழிற்பேட்டைகளில் பலர் இருக்கிறார்கள்.

முதலில் எங்கள் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ளன. முதல் கார்டு 192.168.1.1 என்ற இணைய ரவுட்டரோடும், இரண்டாம் கார்டு 10.20.0.1 என்ற லீஸ்டு லைன் ரவுட்டரோடும் இணைந்திருக்கின்றன. ஓசூர்க் கணினிகள் 10.30.0.0/24, அதாவது 10.30.0.0 முதல் 10.30.0.255 வரையான முகவரிகள் கொண்ட வலையில் இருக்கின்றன. தனியாக வழி சொல்லப்படாத எதையும் அனுப்பும் சர்வரின் டிஃபால்ட் ரூட் இணையத்தை நோக்கியே இருப்பதால், "ஓசூருக்குப் போக வேண்டியதை 10.20.0.1 இடம் கொடு" என்று ஒரு ஸ்டாடிக் ரூட்டைத் தனியாகச் சொல்லி வைத்தால்தான் ஓசூருக்குப் பதில் போய்ச் சேரும்.

ஒரு நாள் இரவு யூபிஎஸ் பேட்டரி கைவிட்டதில் சர்வர் அணைந்து, மறுநாள் காலை மீண்டும் இயங்கியது. அன்று முதல் ஓசூரில் எவருக்கும் சரக்குக் கணக்கு திறக்கவில்லை. அப்போது எங்களுக்குப் பராமரிப்பு செய்துவந்த நிறுவனத்தார் தொலைவிலிருந்தே உள்ளே வந்து ஸ்டாடிக் ரூட்டைச் சேர்த்தார்கள். உடனே ஓசூர்க் கிடங்கின் கணினிகள் வேலை செய்தன, கணக்குப் பிரிவின் கணினிகள் மட்டும் செய்யவில்லை. ரூட்டை அவர்கள் சேர்த்தாகிவிட்டது என்பதால், மீதமுள்ளது லைன் கோளாறு என்று சொல்லி, புது ரவுட்டர் ஒன்றுக்கு விலைப்பட்டியலும் அனுப்பினார்கள். லைன் தந்த நிறுவனமோ தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றது. இப்படி இரண்டு நாட்கள் போயின. கணக்குப் பிரிவினர் அந்த இரண்டு நாட்களும் பில்களைக் கையால் எழுதி, பீன்யாவுக்கு ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள். ஓசூரிலிருந்து சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஊரின் மறுகோடிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

யஷ்வந்த்பூர்க்காரர் மூன்றாம் நாள் காலை மெட்ரோவில் வந்து சேர்ந்தார். அவரிடம் நான் முதலில் மதித்த பண்பு, வந்த அரை மணி நேரம் எதையும் மாற்றாமல் இருந்ததுதான். எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் டேபிளைத் திரையில் வரவழைத்து, அதில் இருந்த ஐந்து வரிகளையும் ஒரு தாளில் கைப்பட எழுதிக்கொண்டார். பிறகு ஓசூர்க் கணக்குப் பிரிவில் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, 10.30.0.25 என்ற அவருடைய கணினியிலிருந்து சர்வருக்கு விடாமல் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு கேள்வி) அனுப்பச் சொன்னார். சர்வரில் இரண்டு சாளரங்களைத் திறந்து, ஒவ்வொரு கார்டுக்கும் ஒன்றாக, அதில் வந்துபோகும் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓடவிட்டார்.

அந்தத் திரையை நான் இப்போதும் மறக்கவில்லை. வலப்பக்கச் சாளரத்தில், லீஸ்டு லைன் கார்டில், ஓசூரின் கேள்விகள் நொடிக்கொன்றாக வந்துகொண்டிருந்தன. அதே நொடியில் இடப்பக்கச் சாளரத்தில், இணையக் கார்டின் வழியாக, சர்வரின் பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போய்க்கொண்டிருந்தன. "சார், லைன் மேல தப்பே இல்லை. கேள்வி சரியாத்தான் வருது, பதில்தான் வேற வாசல் வழியா போகுது" என்றார். 10 என்று தொடங்கும் முகவரிகள் தனியார் வலைகளுக்கென 1996-இல் ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கியவை. இணைய ரவுட்டர் வழியே வெளியேறிய அந்தப் பதில்கள் ஓசூரை எட்ட வாய்ப்பே இல்லை.

ரூட் சேர்த்த பிறகும் பதில் ஏன் அப்படிப் போக வேண்டும்? இங்கேதான் அவருடைய திறமை தெரிந்தது. "ஐபி ரூட் கெட்" என்ற கட்டளையோடு 10.30.0.25 என்று கொடுத்தால், அந்த முகவரிக்குப் போக இயங்குதளத்தின் மையமான கெர்னல் எந்த வழியைத் தேர்கிறது என்று சொல்லும், அது 192.168.1.1 என்றது. ஆனால் டேபிளின் எந்த வரியால் அந்த முடிவு வந்தது என்பதை அது சொல்லாது. அதே கட்டளையில் "ஃபிப்மேட்ச்" என்ற சொல்லைச் சேர்த்ததும், பொருந்திய வரியே திரையில் வந்தது: 10.30.0.0/25, வழி 192.168.1.1. நானும் பழைய நிறுவனத்தாரும் அந்த வரியைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஓசூர் முகவரிதானே என்று கடந்து போயிருக்கிறோம்.

ரூட்டிங்கில் எந்த வரி முதலில் எழுதப்பட்டது என்பது கணக்கில்லை. முகவரியோடு அதிக நீளம் பொருந்தும் வரியே வெல்லும். /24 என்பது 0 முதல் 255 வரை முழு வலையையும் குறிக்கிறது. /25 என்பது 0 முதல் 127 வரை அதன் முதல் பாதியை மட்டும் குறிப்பதால் அதுவே குறுகலானது, அதுவே வெல்கிறது. எங்கள் கணக்குப் பிரிவின் கணினிகள் 20 முதல் 40 வரையிலும், கிடங்கின் கணினிகள் 150-க்கு மேலும் எண்கள் கொண்டவை. பாதி ஓசூர் திறந்து பாதி திறக்காமல் போனதன் காரணம் முழுவதும் இவ்வளவுதான்.

அந்த /25 எங்கிருந்து வந்தது என்றும் அவர் தேடிக் கண்டுபிடித்தார். பல மாதங்களுக்கு முன் ஓசூர்க் கணக்குப் பிரிவை இணையத்தின் வழியே செல்லும் தனித் தொடர்பான விபிஎன்னில் இணைக்கலாமா என்று ஒரு முயற்சி நடந்தது. அதற்காக, உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புகளை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பில் எழுதிய அந்த வரியை, முயற்சி கைவிடப்பட்டபோது எவரும் நீக்கவில்லை, நடைமுறைக்கும் கொண்டுவரவில்லை. சரியான /24 ரூட்டோ கட்டளையாக மட்டும் தட்டப்பட்டது. எந்தக் கோப்பிலும் இல்லை. கட்டளையால் சேர்த்த ரூட் கெர்னலின் நினைவில் மட்டுமே இருக்கும் என்பதால், சர்வர் அணைந்த இரவில் சரியான வரி அழிந்தது, கோப்பில் தூங்கிக்கொண்டிருந்த தவறான வரி முதன்முறையாக உயிர்பெற்றது.

திருத்தியதிலும் அவர் நிதானம் தவறவில்லை. நெட்பிளான் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, /25 வரியை நீக்கி, இரண்டாம் கார்டின் கீழ் /24 வரியை எழுதினார். அது யாமல் வடிவக் கோப்பு என்பதால் உள்தள்ளலுக்கு டேப் விசை கூடாது, இடைவெளி விசைதான் வேண்டும் என்று எனக்கும் காட்டினார். பிறகு "நெட்பிளான் டிரை" கொடுத்தார். 120 நொடிகளுக்குள் என்டர் விசையைத் தட்டி உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் ஏற்பாடு அது. தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் தங்களைத் தாங்களே வெளியே பூட்டிக்கொள்ளாமல் இருக்க இதைவிட நல்ல துணை இல்லை. நொடிகள் இறங்கிக்கொண்டிருக்க, ஓசூரிலிருந்து பிங் திரும்பிவருகிறது என்று கணக்குப் பிரிவினர் சொன்ன பிறகே என்டரைத் தட்டினார்.

வந்த கேள்விக்குத் திரும்பும் வழி உள்ளதா என்று சோதிக்கும் ஆர்பி ஃபில்டர் என்ற கெர்னல் அமைப்பையும் பார்த்தார், 2 (தளர்வான சோதனை) என்றிருந்தது. அது 1 ஆக இருந்திருந்தால், திரும்பும் வழி வேறு கார்டில் இருப்பதைக் கண்டு கெர்னலே ஓசூரின் கேள்வியைத் தள்ளிவிட்டிருக்கும்; டிசிபிடம்ப்பில் கேள்வி தெரியும், பதில் எந்தக் கார்டிலும் தெரியாது. இத்தகைய சந்தேகம் வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாலை ஷிப்டு முடியும் வரை காத்திருந்து, சர்வரை வேண்டுமென்றே ரீபூட் செய்தார். மறுதொடக்கத்தைத் தாங்காத ரூட்டைத் தாம் ரூட்டாகவே எண்ணுவதில்லை என்றார். பழைய நிறுவனத்தார் ஒருமுறைகூட இதைச் செய்ததில்லை.

இனிக் குறைகள். எங்களிடம் காப்புநகலுக்காக ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு இயங்குதளத்தில் ஓடும் ஓர் இயந்திரமும் உள்ளது. அதற்கும் இதே ரூட் வேண்டும். நான் கேட்ட பிறகுதான் அதைத் தொட்டார். அங்கே "நெட்ஸ்டாட்" கட்டளையால் டேபிளைப் பார்த்து, ஆர்சி டாட் கான்ஃப் கோப்பில் "ஸ்டாடிக் ரூட்ஸ்" என்ற வரியில் ரூட்டுக்கு ஒரு பெயரிட்டு எழுதும் முறையைச் சரியாகவே செய்தார். ஆனாலும் ஒரே வலையில் உள்ள மற்ற சர்வர்களைத் தாமாகவே விசாரித்திருக்க வேண்டும். ஓசூர்ப் பக்க ரவுட்டரை அவர் பார்க்கவே இல்லை; அதற்குத் தனி வருகை, தனிக் கட்டணம் என்றார். செய்த மாற்றங்களை எழுத்தில் தரும் வழக்கமும் அவரிடம் இல்லை. வற்புறுத்திக் கேட்டதும், காலையில் எழுதிய அதே தாளின் பின்புறத்தில் புதிய டேபிளையும் தேதியையும் எழுதித் தந்தார். அதைச் சர்வர் ரேக்கின் கதவு உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு முழு நாள் வேலைக்கு 3,500 ரூபாய் வாங்கினார். எங்களுக்கு வந்த ரவுட்டர் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அவசரமென்றால் காலை ஒன்பது மணிக்குள் அழைத்துவிட வேண்டும். அதன் பிறகு அவர் எங்காவது ஒரு சர்வர் அறைக்குள் இருப்பார், வேலை முடியும் வரை ஃபோனை எடுப்பதில்லை.