சாம்பிளில் கரண்ட் ஓடியது, சரக்கில் ஓடவில்லை: 18,600 ரூபாய் போச்சு

காரின் பெட்ரோல் குழாயை இணைக்கும் கனெக்டர், 150. ஒன்று 124 ரூபாய். மொத்தம் 18,600 ரூபாய். கோபம் ஆறட்டும், அப்புறம் நிதானமாக எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் சின்னதாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். நம்ம ஊரிலோ புதுச்சேரி, விழுப்புரம் பக்கமோ மெக்கானிக் யாராவது பெட்ரோல் லைனுக்கான கண்டக்டிவ் (கரண்டைக் கடத்தும்) குயிக் கனெக்டரை ஆன்லைனில் வாங்க நினைத்தால், இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போதைய கார்களில் டேங்கிலிருந்து இன்ஜின் வரை போகும் பெட்ரோல் லைன் பாதிக்கு மேல் நைலான் குழாய்தான். அந்தக் குழாய் ஃபில்டரோடும் பம்ப்போடும் சேரும் இடத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் மூட்டு ஒன்று இருக்கும். அதுதான் குயிக் கனெக்டர். கிளாம்ப் கிடையாது, ஸ்பேனர் தேவையில்லை. உள்ளே ஓ-ரிங் இருக்கும், அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். 7.89 மில்லிமீட்டர், 9.49 மில்லிமீட்டர் என்று அளவு வரும். 5/16, 3/8 இஞ்ச் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

நமக்கு இது எதற்கு அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், எலி. மழை பிடித்துக்கொண்டால் அது பானெட்டுக்குள் வந்து குடியேறிவிடும். வயரைக் கடிக்கும், நைலான் குழாயையும் கடிக்கும். பல மாடலுக்குக் கம்பெனியில் கனெக்டர் மட்டும் தனியாகத் தரமாட்டார்கள், லைனையே முழுசாக வாங்கு என்பார்கள். இரண்டு அங்குலம் கடித்ததற்கு முழு லைன் மாற்றச் சொன்னால் எந்த பார்ட்டி ஒத்துக்கொள்வார்? அதனால் குழாயும் கனெக்டரும் தனித்தனியாக வாங்கி வைத்துச் செய்து கொடுக்கிறோம்.

இதில் சாதா கனெக்டர் உண்டு, கரண்டைக் கடத்துகிற கனெக்டர் உண்டு. பெட்ரோல் குழாயில் ஓடும்போது, அதுவும் ஃபில்டரின் சன்னமான இழைகளுக்குள் புகுந்து வெளியே வரும்போது, நிலை மின்சாரம் சேரும். சாதா நைலான் அதைக் கடத்தாது. போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பக்கத்தில் இருக்கும் இரும்புக்குப் பொறியாகத் தாவும். தாவும்போது குழாய்ச் சுவரில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழ வாய்ப்புண்டு. அந்த லைனில் 3, 4 பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது. மீதியை நான் சொல்ல வேண்டாம். இதற்காகத்தான் பிளாஸ்டிக்கிலேயே கார்பன் கலந்து, சேருகிற மின்சாரம் அப்படியே வண்டி பாடிக்கு இறங்கிப் போகிற மாதிரி கனெக்டர் செய்கிறார்கள். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே1645 என்று இதற்கென்றே ஒரு தரக்குறிப்பு இருக்கிறது. பொதுவாக மின்தடை 10 லட்சம் ஓமுக்குக் கீழே இருந்தால்தான் கடத்தும் வகை என்று கணக்கு. பூட்டு, கசிவு பற்றியதெல்லாம் ஜே2044 என்ற வேறு தரக்குறிப்பில் வரும். இந்த இரண்டு எண்ணையும் விற்பவன் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தான்.

வாங்கிய இடத்தின் பெயரைப் போடவில்லை. பட்டறைச் சாமான், தொழிற்சாலைச் சாமான் எல்லாம் மொத்த விலைக்கு விற்கிற ஒரு ஆப். அதில் கடை வைத்திருக்கும் வெளிமாநில ஆள் ஒருவன். சாதா கனெக்டர் அதே ஆப்பில் பாதி விலைக்கு இருந்தது. கடத்தும் வகை என்பதற்காகத்தான் நான் 124 கொடுத்தேன்.

நம்பியது எப்படி என்று சொல்கிறேன், இந்த இடத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் ஒரு வீடியோ அனுப்பினான். கனெக்டரின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துக் காட்டினான். பீப் அடித்திருந்தால் அங்கேயே போடா என்றிருப்பேன், ஏனென்றால் கார்பன் கலந்த பிளாஸ்டிக் செம்புக் கம்பி போல பீப் அடிக்காது. மீட்டரில் ஆயிரக்கணக்கில் ஓம் காட்டும், அவ்வளவுதான். வீடியோவில் சரியாக அப்படித்தான் காட்டியது. ஆள் விஷயம் தெரிந்தவன் என்று நினைத்தேன். அது உண்மைதான், விஷயம் தெரிந்துதான் ஏமாற்றினான்.

அப்புறம் சாம்பிள் கேட்டேன். காசு கொடுத்துத்தான் வாங்கினேன், இரண்டு பீஸ் கூரியரில் வந்தது. நானே உட்கார்ந்து மீட்டர் வைத்தேன். 40 ஆயிரம் ஓம் பக்கம் காட்டியது. கத்தியால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் அதேதான். ஓ-ரிங் கெட்டியாக இருந்தது, பூட்டு சத்தம் சுத்தமாகக் கேட்டது. "மொத்த சரக்கும் இதே மாதிரிதானே வரும்?" என்று ஆப்பின் சாட்டிலேயே கேட்டேன். "நூறு சதவீதம் கண்டக்டிவ் பாய், சேம் லாட்" என்று பதில் வந்தது. அந்த வரி இன்னும் என் போனில் இருக்கிறது. ஆர்டர் போட்டேன், 18,600 ரூபாயும் முன்பணமாகவே போனது. அந்த ஆப்பில் மொத்த ஆர்டருக்கு அதுதான் வழக்கம்.

சரக்கு வந்தது. 25 பீஸ் வீதம் ஆறு பை, சீல் போட்டு. அன்றைக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு டாக்ஸி வண்டி, எலி கடித்த லைனோடு பட்டறையில் நின்றது. பூட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைப்பது நம்ம பட்டறை வழக்கம். பையன் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மீட்டர்ல பேட்டரி போச்சுண்ணே" என்றான். வாங்கிப் பார்த்தேன். 20 லட்சம் ஓம் வரை அளக்கும் 2000 கே-யில் வைத்தால் இடது ஓரத்தில் 1 மட்டும் நிற்கிறது. அப்படி நின்றால் மின்தடை அந்த 20 லட்சத்தையும் தாண்டிவிட்டது, கடத்தும் வகை இல்லை என்று அர்த்தம். சாம்பிளில் மிச்சமிருந்த பீஸை எடுத்து வைத்தேன், அதே மீட்டர், அதே வயர், பழைய 40 ஆயிரம் அப்படியே வந்தது. புதுசில் ஒன்று வைத்தேன், 1. இன்னொன்று, 1. ஒருவேளை முனை சரியாகத் தொடவில்லையோ என்று இரண்டு பக்கமும் அலுமினிய ஃபாயில் இறுக்கிச் சுற்றி அதன் மேல் வைத்தேன். அப்போதும் 1. சுரண்டினேன், ஒன்றை ஹாக்சா பிளேடால் இரண்டாக அறுத்தே பார்த்தேன். எல்லாப் பையிலிருந்தும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. கருப்புச் சாயம் போட்ட சாதா நைலான். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. அதுதான் இவன்களுக்கு வசதி.

டாக்ஸிக்காரர் பாவம், வண்டி நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் போச்சு. புதுச்சேரியிலிருந்து கம்பெனி லைன் முழுசாக வரவழைத்து, லாபமே வைக்காமல் பூட்டிக் கொடுத்தேன். அந்தக் கணக்கை 18,600-ல் சேர்க்கவில்லை.

இனி நடந்த கூத்து. ஆப்பில் புகார் கொடுக்கப் போனால், காரணம் தேர்ந்தெடு என்று ஒரு பட்டியல். உடைந்து வந்ததா, நிறம் மாறியிருக்கிறதா, அளவு தவறா, எண்ணிக்கை குறைவா. கரண்ட் கடத்தவில்லை என்று ஒன்று எப்படி இருக்கும்? சட்டைக்கும் செருப்புக்கும் எழுதிய விதி. 'மற்றவை' என்று அமுக்கினேன். 'மற்றவை' காரணத்துக்குப் பணம் திரும்பாது என்று வந்தது.

போன் செய்தேன். பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்லவில்லை. "சார், போட்டோ அனுப்புங்க" என்றார். கரண்ட் ஓடாததை எப்படி அம்மா போட்டோ எடுப்பது? மீட்டரோடு வீடியோ எடுத்து அனுப்பினேன், சாம்பிளையும் பக்கத்தில் வைத்து. "சார், நீங்க கருப்பு கலர் ஆர்டர் பண்ணியிருக்கீங்க, கருப்பு கலர்தானே வந்திருக்கு?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுத்த முறை வேறொருவர் எடுத்தார். "சீல் பிரிச்சிட்டீங்களே சார், பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காமல் எப்படி சோதிப்பது என்று கேட்டால் மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார். அந்த மேலிடத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் தள்ளுபடி. 18,600-ஐத் தொலைத்தவனுக்கு 500 ரூபாய் கூப்பன், அதையும் அவர்களிடமே போய்ச் செலவழிக்க வேண்டும்!

விற்றவனைச் சாட்டில் பிடித்தேன். அவன் சொன்ன பதில் இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு பதிவு போடலாம். "இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க பாய். எத்தனால் கரண்டைக் கடத்தும். அதனால கனெக்டர் கடத்தணும்னு அவசியமே இல்லை." கேட்பவருக்கு நியாயம் போலத் தெரியும். எத்தனால் கலந்தால் பெட்ரோலின் கடத்தும் தன்மை கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்து மூட்டு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வண்டி செய்தவன் சொல்லவில்லையே. அவன் கடத்தும் வகை போட்ட இடத்தில் நானும் அதைத்தான் போட வேண்டும். அப்படி அவசியமே இல்லை என்றால் எதற்கு விளம்பரத்தில் ஜே1645 போட்டாய், எதற்கு இரண்டு மடங்கு விலை வாங்கினாய் என்று கேட்டேன். "லேப் ரிப்போர்ட் கொண்டு வா" என்றான். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

பிறகுதான் பில்லைக் கவனித்தோம். என் மனைவிதான் கணக்கு பார்ப்பாள். "ஏங்க, இதுல கண்டக்டிவ்னு எங்கயுமே இல்லையே" என்றாள். பில்லில் இருப்பது 'பிளாஸ்டிக் கனெக்டர், கருப்பு' மட்டும். விளம்பரத்தைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அந்த வார்த்தையைக் காணோம், ஜே1645-ஐயும் காணோம். நான் புகார் கொடுத்த பிறகு தூக்கிவிட்டிருக்கிறான். ஆர்டர் போட்ட அன்றே அந்தப் பக்கத்தை அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள், அதனால் தப்பித்தேன். இல்லையென்றால் நான்தான் பொய் சொல்கிறேன் என்று ஆகியிருக்கும்.

கடைசியாக ஆப்காரர்கள் ஒன்று சொன்னார்கள். "நீங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டு வாங்கியிருக்கீங்க. நீங்க வியாபாரி, நுகர்வோர் கிடையாது." இதைக் கேட்டுப் பயந்து விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பவர் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று தள்ளக் கூடாது என்று விளக்கமே இருக்கிறது. நானும் ஒரு பையனும் உழைக்கிற பட்டறை இது. நுகர்வோர் ஆணையத்தில் இதைச் சொல்லி வாதாடிப் பார்க்கத்தான் போகிறேன். ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020-ல் வந்த விதிப்படி, புகார் வந்தால் ஆப்பின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு அந்த அதிகாரியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிந்துவிட்டேன். அடுத்தது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவன் எந்த மாநிலமாக இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வெளியே ஒரு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. சுருக்கமாக:

கருப்பாக இருந்தால் கார்பன் என்று நம்பாதீர்கள், மீட்டர் வையுங்கள். சாம்பிள் சரியாக இருந்தது என்பதற்காக மொத்தமாகப் போடாதீர்கள். 'கண்டக்டிவ்' என்ற வார்த்தை பில்லில் ஏறாமல் பணம் அனுப்பாதீர்கள். விளம்பரப் பக்கத்தை ஆர்டர் போட்ட அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பை பிரிப்பதிலிருந்து மீட்டர் வைப்பது வரை ஒரே வீடியோவாக எடுங்கள்.

இந்த 150-ஐ, அறுத்த துண்டு உட்பட, அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். சாதா கனெக்டராகப் பாதி விலைக்குத் தள்ளிவிடு என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். யார் வண்டியில் போய் உட்காருமோ, அந்த வேலை வேண்டாம்.

நம்ம பக்கம் வேறு யாராவது சமீபத்தில் இந்த மாதிரி கனெக்டர் மொத்தமாக வாங்கியிருந்தால், இன்றைக்கே ஒரு பீஸ் எடுத்து மீட்டர் வைத்துப் பாருங்கள். 1 மட்டும் நின்றால் கீழே எழுதுங்கள். அதே ஆள்தான் என்றால் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.