ட்விப்பா, பிக்சலா: பேசிக்கில் விண்டோவுக்கு அளவு வைக்கும் வழிகள்

640க்கு 480 பிக்சலில் ஒரு படம் இருக்கிறது. அது கச்சிதமாகப் பொருந்தும் விண்டோ வேண்டும். விஷுவல் பேசிக் 6இல் ஃபார்மின் விட்த் பண்புக்கு 640 என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். தலைப்புப் பட்டையின் ஒரு துண்டு மட்டும்தான் திரையில் நிற்கும். அந்த 640ஐ ஃபார்ம் ட்விப்பாகப் படித்துவிட்டது.

அச்சுத் தொழிலின் பாயின்ட்டை இருபதாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு ட்விப். அங்குலத்துக்கு 72 பாயின்ட், ஆகவே 1440 ட்விப். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 567. திரை எதுவானாலும் அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த அலகு இது. ஆனால் படங்களும், சுட்டியின் இடத்தைச் சொல்லும் விண்டோஸ் ஏபிஐ அழைப்புகளும் (விண்டோஸ் தன் வேலைகளுக்காக நிரல்களுக்குத் திறந்துவைத்திருக்கும் கட்டளைகள்), விண்டோவை நகர்த்தும் மூவ்விண்டோவும் பிக்சலில்தான் பேசுகின்றன. இரண்டுக்கும் நடுவே மாற்றிக் கொடுக்கும் வேலை நிரல் எழுதுபவரின் தலையில் விழுகிறது. அதற்குப் பல வழிகள் உண்டு. எல்லாம் சம தரமானவை அல்ல.

மிகப் பழகிய வழி, 15ஆல் பெருக்குவது. அங்குலத்துக்கு 96 பிக்சல் என்றால் 1440ஐ 96ஆல் வகுக்க 15 வருகிறது; 640 பிக்சலுக்கு 9600 ட்விப். பழைய நிரல்களைத் திறந்தால் இந்த 15 எல்லா இடத்திலும் தென்படும். நானும் அப்படி எழுதியவன்தான். திரையின் எழுத்தளவை 125 விழுக்காட்டுக்கு உயர்த்தியிருந்த ஒரு கணினியில் அதே நிரலை ஓட்டியபோது, விண்டோ படத்தைவிடப் பெரிதாகி, வலப்பக்கமும் கீழேயும் சாம்பல் பட்டை விழுந்தது. அங்கே அங்குலத்துக்கு 120 பிக்சல், ஒரு பிக்சலுக்கு எத்தனை ட்விப் என்ற விகிதம் 12. என் 9600 ட்விப் அங்கே 800 பிக்சலாகிவிட்டது. 150 விழுக்காட்டில் விகிதம் 10. நிரலுக்குள் 15 என்று எழுதுவதை நான் இப்போது பிழையாகவே கருதுகிறேன்.

அடுத்தது, ஸ்கிரீன் பொருளிடமே விகிதத்தைக் கேட்பது. ட்விப்ஸ்பெர்பிக்சல்எக்ஸ் கிடைமட்டத்துக்கு, ட்விப்ஸ்பெர்பிக்சல்ஒய் செங்குத்துக்கு. எந்த மாட்யூலில் இருந்தும் கேட்கலாம், ஃபார்ம் தேவையில்லை. முதல் வழியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் விடையை எந்த மாறியில் வைக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 200 விழுக்காட்டில் சரியான விகிதம் 7.5. அதை முழு எண்ணை மட்டும் வைக்கும் இன்டீஜர் மாறியில் போட்டால் பேசிக் 8 ஆக்கிவிடும். 640ஐ 8ஆல் பெருக்கினால் 5120 ட்விப். உண்மையில் வேண்டியது 4800. விண்டோ ஏறத்தாழ 43 பிக்சல் கூடுதல் அகலமாகிவிடும். இன்டீஜரில் இன்னொரு பொறியும் இருக்கிறது: அதன் உச்சம் 32767. 2560 பிக்சல் அகலத் திரையை 15ஆல் பெருக்கினால் 38400. அதை இன்டீஜரில் வைக்க முயன்றால் நிரல் ஓவர்ஃப்ளோ என்று நின்றுவிடும். 1920 பிக்சல் திரையில் 28800 மட்டுமே வருவதால் இந்தப் பிழை அங்கே ஒளிந்தே கிடக்கும். விகிதத்துக்கு தசம எண் வைக்கும் சிங்கிள், ட்விப் அளவுக்கு பெரிய முழு எண் வைக்கும் லாங் என்று பழக்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஸ்கேல்எக்ஸ், ஸ்கேல்ஒய் என்ற இரட்டையர். மதிப்பு, எந்த அலகிலிருந்து, எந்த அலகுக்கு என்று மூன்றையும் கொடுத்தால் விடை வந்துவிடும். ட்விப், பிக்சல் மட்டுமல்லாமல் பாயின்ட், அங்குலம், மில்லிமீட்டர் எல்லாம் இதற்குத் தெரியும். படத்தின் அகலத்தைக் கேட்கும்போது இதற்கு இணை வேறில்லை. ஏனென்றால் ஏற்றப்பட்ட படம் தன் அகலத்தை ஹைமெட்ரிக்கில், அதாவது மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்கிறது. கையால் கணக்கிட்டால் ஓர் அங்குலத்துக்கான 2540ஐ இழுத்துவர வேண்டும். இரண்டு இடங்களில் மட்டும் இது காலை வாரும். எந்த அலகிலிருந்து என்று சொல்லாமல் விட்டால் ஹைமெட்ரிக் என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்து, யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம்: அச்சுப்பொறிப் பொருளின் ஸ்கேல்எக்ஸிடம் பிக்சலைக் கேட்டால் அச்சுப்பொறியின் புள்ளியைச் சொல்லும். 600 புள்ளி அச்சுப்பொறியில் ஒரு பிக்சல் 2.4 ட்விப் மட்டுமே.

கடைசி வழி, கெட்டிவைஸ்கேப்ஸ் என்ற ஏபிஐ அழைப்பு. கிடைமட்டத்துக்கு 88, செங்குத்துக்கு 90 என்ற எண்ணைக் கொடுத்தால் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று நேரடியாகச் சொல்லும். விபி6இல் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. எக்செல், வேர்டுக்குள் இருக்கும் பேசிக்கான விபிஏவில்தான் இது உயிர்நாடி. அங்கே யூசர்ஃபார்ம் அளவுகள் பாயின்ட்டில் இருக்கின்றன, ட்விப்ஸ்பெர்பிக்சல் கிடையாது. 640 பிக்சல் என்பது 96 டிபிஐயில் (டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) 480 பாயின்ட், 120 டிபிஐயில் 384. இந்த அழைப்புக்குத் திரையைக் குறிக்கும் ஒரு கைப்பிடி வேண்டும்; கெட்டிசி கொண்டு எடுத்த அதை ரிலீஸ்டிசி கொண்டு திருப்பிக் கொடுக்க மறக்கக் கூடாது. 64 பிட் ஆஃபீஸில் ஏபிஐயை அறிவிக்கும் வரியில் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஆக்சஸ் ஃபார்ம்களில் மட்டும் மறுபடி ட்விப்தான். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு அலகு வைத்தது புதிதாகக் கற்பவருக்குச் செய்த அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விகிதம் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள். விட்த் சொல்வது விண்டோவின் வெளி அகலத்தை. விளிம்புகளும் அதில் சேர்த்தி. ஹைட்டில் தலைப்புப் பட்டையும் மெனுவும் அடக்கம். சரியாக 9600 ட்விப் கொடுத்தாலும் படத்தின் வலது ஓரம் வெட்டுப்படும். விளிம்பு இத்தனை பிக்சல் என்று எண்ணிக் கூட்டுவதும் உதவாது. விண்டோஸின் ஒவ்வொரு பதிப்பிலும் தோற்ற அமைப்பிலும் அது மாறுகிறது. நான் எப்போதும் செய்வது இது: ஃபார்மின் உள் அளவுக்கு அலகு வைக்கும் ஸ்கேல்மோடு பண்பை பிக்சலுக்கு மாற்றிவிடுகிறேன். இப்போது ஸ்கேல்விட்த் உள் அகலத்தைப் பிக்சலில் சொல்லும்; ஃபார்மின் விட்த் மட்டும் ட்விப்பிலேயே நிற்கும். வேண்டிய 640இலிருந்து ஸ்கேல்விட்தைக் கழித்து, வருவதை விகிதத்தால் பெருக்கி, பழைய விட்தோடு கூட்டினால் போதும். விளிம்பின் தடிமன் எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை, வித்தியாசத்தை மட்டும்தான் சரிசெய்கிறோம். உயரத்துக்கும் இதே கணக்கு. முதலில் அகலத்தை மாற்றுங்கள், பிறகு உயரத்தை. அகலம் குறையும்போது மெனு இரண்டு வரியாக மடங்கி உள் உயரத்தைத் தின்றுவிடலாம். விண்டோ பெரிதாக்கப்பட்ட நிலையிலோ சுருக்கப்பட்ட நிலையிலோ இருந்தால் இதைச் செய்ய முடியாது, பிழை 384 வரும்.

பொருள்களைக் குழுவாக அடைக்கும் ஃப்ரேமுக்குள் இருப்பவற்றுக்கு ஸ்கேல்மோடு செல்லாது. ஃபார்ம் பிக்சலில் இருந்தாலும் ஃப்ரேமுக்குள் ட்விப்தான். பிக்சர்பாக்ஸைக் கொள்கலனாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மற்ற பேசிக்குகள் இதை வேறு வேறு விதமாகத் தீர்த்தன. விபி டாட்நெட் ட்விப்பைக் கைவிட்டு பிக்சலுக்கு வந்தது. உள் அளவை கிளையன்ட்சைஸ் என்று நேரடியாகக் கொடுக்கலாம், மேலே சொன்ன கழித்தல் கணக்கே தேவையில்லை. லிபர்ட்டி பேசிக்கும் பிக்சல்தான்: விண்டோவைத் திறக்கும் முன்பே விண்டோவிட்த், விண்டோஹைட் மாறிகளுக்கு மதிப்பு கொடுக்க வேண்டும். பவர்பேசிக்கின் டயலாக்குகள் எழுத்துருவைச் சார்ந்த அலகில் நிற்கின்றன: எழுத்தின் சராசரி அகலத்தில் நான்கில் ஒன்று, உயரத்தில் எட்டில் ஒன்று. எழுத்துரு மாறினால் விண்டோவும் கூடவே வளரும். பொத்தான்களும் உரைப்பெட்டிகளும் நிறைந்த படிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான அலகு இல்லை, படத்துக்கு ஆகாது. அதற்காகவே டயலாக்கைப் பிக்சலில் உருவாக்கவும், ஓர் அலகிலிருந்து மற்றதற்கு மாற்றவும் கட்டளைகள் தந்திருக்கிறார்கள். ப்யூர்பேசிக்கில் அளவைத் திரையின் டிபிஐக்கு ஏற்ப மாற்றித் தரும் டெஸ்க்டாப்ஸ்கேல்டுஎக்ஸ், அதன் மறுதலையான டெஸ்க்டாப்அன்ஸ்கேல்டுஎக்ஸ் இருக்கின்றன.

விபி6 நிரலை இன்றைய கணினியில் ஓட்டுபவர் ஒன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். டிபிஐ அறிந்த நிரல் என்று மேனிஃபெஸ்ட்டில் (நிரலைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் விவரக்குறிப்பு) சொல்லாவிட்டால், விண்டோஸ் பொதுவாக அதனிடம் 96 என்றே சொல்லி, வரைந்த விண்டோவைப் பிறகு இழுத்துப் பெரிதாக்குகிறது. அளவு சரியாக இருக்கும், எழுத்து மங்கலாக இருக்கும், 15 என்று எழுதியவரும் தப்பித்துவிடுவார். மேனிஃபெஸ்ட்டில் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுத்தைக் கூர்மையாக்கும் அன்றைக்குத்தான், நிரலில் எங்கெல்லாம் 15 புதைந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும்.