ஃபுளோரன்ஸில் கோடைக்கால ஓவியப் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

2024 ஜூன் 10 முதல் ஜூலை 19 வரை, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஓவியப் பயிற்சியும் கலை வரலாறும் சேர்ந்த ஆறு வாரப் படிப்புக்குப் போய்விட்டு வந்தேன். கட்டணம் 3,400 யூரோ. அன்றைய மதிப்பில் மூன்று லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. விமானம், விசா, சாப்பாடு எல்லாம் தனி. அப்பா பி.எஃப். பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வருடம் வேறு பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு வருவது இவர்களுக்கு ஒரு நாள் வேலை. அதனால் எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

யாரும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை. விமான நிலையத்துக்கு ஆள் வந்தார், தங்க இடம் கொடுத்தார்கள், வகுப்பு என்று ஒன்று நடந்தது. அவர்களுடைய விளம்பரக் கையேட்டை விரித்து வைத்து ‘இது பொய்’ என்று விரல் வைக்கப் போனால் இரண்டு மூன்று இடம்தான் தேறும். மற்றபடி, அந்த ஊரில் யாருக்கும் சும்மா கிடைப்பதை எடுத்து, அழகாகப் பெயர் வைத்து, எனக்கு விலைக்கு விற்றார்கள். அவ்வளவுதான். அது புரிய எனக்கு நான்கு வாரம் ஆயிற்று.

‘உஃபிட்ஸி அருங்காட்சியக நுழைவு உட்பட’ என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்தது. ஓவியர் பொட்டிச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ இருக்கும் இடம். அங்கே அந்தக் கோடையில் டிக்கெட் 25 யூரோ, முன்பதிவுக்கு மேலும் 4 யூரோ. ஆறு வாரத்தில் நான்கைந்து முறையாவது கூட்டிப்போவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போனது ஒரே ஒரு முறை, ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று கேட்டதற்கு ‘அன்றைக்குத்தான் எல்லாருக்கும் வசதி’ என்றார்கள். வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா சொல்லித்தான் தெரிந்தது, இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அன்றைக்கு முன்பதிவும் கிடையாது. ஊரே திரண்டு வந்திருந்தது. வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்று உள்ளே போனால், பொட்டிச்செல்லி அறையில் எனக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் தூக்கிப் பிடித்த செல்போன்கள்.

அதோடு விட்டதா? எங்களுக்குக் கலை வரலாறு நடத்துபவர் உள்ளே பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் ஒரு ஊழியர் வந்து அவருடைய அட்டையைக் கேட்டார். அந்த நாட்டில் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு விளக்கம் சொல்லி அதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். பள்ளி, கல்லூரிக் குழு என்றால் முறைப்படி பதிந்து வரவேண்டும். இவரிடம் இரண்டும் இல்லை. அப்புறம் ஒவ்வொருவர் காதிலும் கிசுகிசுத்துப் பார்த்தார். மூன்றாவது அறையில் ‘நீங்களே சுற்றிப் பாருங்கள், நான்கு மணிக்கு வாசலில் சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டார்.

‘ஆர்னோ நதிக்கரையில் வாணவேடிக்கை மாலை’ என்று கையேட்டில் தனியாக ஒரு படம் போட்டிருந்தார்கள். ஜூன் 24 அந்த நகரத்தின் காவல் புனிதரான யோவானின் திருநாள். அன்றிரவு நகரமே நடத்தும் வாணவேடிக்கை அது. ஆற்றங்கரையில் எங்கே நின்றாலும் தெரியும். எங்களுக்குச் செய்த ஏற்பாடு, எந்தப் பாலத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு வாட்ஸப் செய்தி.

மைக்கேலாஞ்சலோவின் தாவீதுக்கு வருகிறேன். ‘தாவீது சிலை முன் நேரடி வரைதல், இரண்டு அமர்வுகள்’. அசல் சிலை 1873-இலிருந்து அக்காதெமியா கலைக்கூடத்துக்குள் இருக்கிறது. 5.17 மீட்டர் உயரம், மேலே வட்டக் கூரையிலிருந்து வெளிச்சம் விழும். எங்களை உட்கார வைத்து வரையச் சொன்னது வெளியே சின்யோரியா சதுக்கத்தில், 1910-இல் நிறுவிய நகலுக்கு முன்னால். காலை பதினொரு மணி வெயிலில் பளிங்கு கண்ணைக் கூசச் செய்தது. தோளில் எங்கே நிழல் விழுகிறது என்றே தெரியவில்லை. நகலை வைத்து வரைந்தால் குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. அதற்கு 3,400 யூரோ எதற்கு என்பதுதான் என் கேள்வி.

எல்லாவற்றையும்விட மனது விட்டுப்போனது சுவரோவிய வகுப்பில். நான் நுண்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததே ‘அசல் ஃப்ரெஸ்கோ பட்டறை, ஐந்து நாட்கள்’ என்ற வரிக்காகத்தான். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், அது காயும் முன், தண்ணீரில் குழைத்த நிறமியால் தீட்டுவது ஃப்ரெஸ்கோ. பசை எதுவும் சேர்ப்பதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை இழுத்து மறுபடி கல்லாக இறுகும்போது நிறத்தையும் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். அந்த ஒரு நாள் பங்குக்கு இத்தாலிய மொழியில் ஜொர்னாத்தா என்று பெயர். ஒரு பங்கும் அடுத்த பங்கும் சேரும் கோட்டைப் பழைய சுவர்களில் இன்றும் பார்க்கலாம். கரணை பிடித்து அந்தப் பூச்சைப் பூசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எனக்குக் கிடைத்தது ஒரு மாலை. ஆளுக்கு ஒரு பலகை, அதில் ஏற்கெனவே பூசிக் காய்ந்து போன சாந்து, கூடவே அக்ரிலிக் வண்ணம். ‘ஃப்ரெஸ்கோ எங்கே?’ என்று கேட்டேன். ஈரச் சுண்ணாம்பு தோலை அரிக்கும், காப்பீடு அனுமதிக்காது என்றார்கள். அரிக்கும்தான், கையுறை போட்டால் தீர்ந்தது. கையேட்டை அச்சடிக்கும்போது காப்பீடு ஞாபகம் வரவில்லையா? மீதி நான்கு நாட்களும் ‘சுயமாக ஆய்வு செய்யும் நேரம்’ ஆகிவிட்டன.

வகுப்பெடுத்தவர்களைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ‘தொழில்முறை ஓவியர்’ என்று அறிமுகப்படுத்தப்பட்ட பெண் நல்லவர். என் கோடுகளைப் பொறுமையாகத் திருத்தினார். மூன்றாவது வாரம் ஒரு நாள் சேர்ந்து டிராமில் போகும்போது அவரே சொன்னார், போன வருடம் இதே படிப்பில் அவர் மாணவி. கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இந்த வருடம் பாடமெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘வந்துவிட்டதா?’ என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிராம் என்றதும் ஞாபகம் வருகிறது. தங்குமிடம் ‘வரலாற்று மையத்துக்கு எளிதில் செல்லும் தூரத்தில்’ என்று இருந்தது. அது ஸ்கண்டிச்சியில், பக்கத்து ஊரில். டி1 டிராமில் ஏறினால் சாந்தா மரியா நோவெல்லா ரயில் நிலையம் வர அரை மணி நேரம் பிடிக்கும். அப்போது ஒரு டிக்கெட் 1.70 யூரோ, போக ஒன்று, வர ஒன்று. எளிதில் செல்லும் தூரம் என்றுதான் எழுதியிருந்தார்கள், நடந்து செல்லும் தூரம் என்று எழுதவில்லை. அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். ஓவியக்கூடம் ஒரு மொழிப் பள்ளியின் நிலவறை. 14 பேருக்கு 9 ஓவியத் தாங்கிகள். மாடல் ஆறு வாரத்தில் இரண்டு முறை வந்தார். மற்ற நாட்களில் ஒருவரையொருவர் வரைந்துகொண்டோம். இல்லையென்றால் ஒரு பிளாஸ்டர் பாதம் இருந்தது, அதை வரைந்தோம். அந்தப் பாதத்தை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

கலை வரலாற்று வகுப்பு ஸ்லைடு காட்டுவதோடு சரி. பிரான்காச்சி சிற்றாலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் மசாச்சோ தீட்டிய ‘ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றம்’ வந்தது. ஆதாம், ஏவாள் இருவர் இடுப்பிலும் இலைகள். ‘அந்தக் காலத்து நாணத்தை மசாச்சோ எப்படிக் காட்டுகிறார் பாருங்கள்’ என்றார் வகுப்பெடுத்தவர். அந்த இலைகள் மசாச்சோ இறந்து இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து யாரோ சேர்த்தவை. 1980-களின் சீரமைப்பில் அவற்றை நீக்கிவிட்டார்கள். ஸ்லைடு அதற்கு முன்னால் எடுத்த படம். அந்தச் சிற்றாலயம் எங்கள் நிலவறையிலிருந்து கால் மணி நேர நடை. ஒரு முறை கூட்டிப்போயிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

கடைசி இரண்டு வாரம் வகுப்பை விட்டுவிட்டு நானே சுற்றினேன். சாந்தா மரியா நோவெல்லா ஆலயத்துக்கு 7.50 யூரோ கட்டி மூன்று முறை போனேன். அங்கே மசாச்சோவின் ‘திரித்துவம்’, ஏறக்குறைய 1427-ஐச் சேர்ந்தது. தட்டையான சுவர், ஆனால் உள்ளே ஓர் அறை குடைந்திருப்பது போலத் தெரியும். கோடுகளெல்லாம் போய்ச் சேரும் புள்ளி நிற்பவரின் கண் மட்டத்தில் இருக்கிறது. கோடு போட ஈரப்பூச்சில் கீறிய தடங்களும் உண்டு. சுமார் 1570-இல் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி இதற்கு முன்னால் ஒரு பலிபீடம் கட்டி மறைத்துவிட்டார். 1860-இல்தான் மறுபடி வெளியே வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931-இல் சோழர் ஓவியம் வெளிப்பட்டதை நினைத்துக்கொண்டே நின்றேன். அந்த ஆறு வாரத்தில் நான் படித்தேன் என்று சொல்ல முடிந்தது அந்த மூன்று காலைகளைத்தான். மொத்தச் செலவு இருபத்திரண்டரை யூரோ.

சரி, கிரெடிட் விஷயம். மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். ‘6 ஐரோப்பிய கிரெடிட்’ என்று போட்டு, கீழே ஒரு பல்கலைக்கழகத்தின் சின்னத்தையும் வைத்திருந்தார்கள். ஈசிடிஎஸ் என்ற அந்த ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, வீட்டில் செய்வதையும் சேர்த்து. ஆறு கிரெடிட் என்றால் குறைந்தது 150 மணி நேரம். என் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்த வகுப்பு நேரம் மொத்தமே 52 மணி. கடைசி நாள் கையில் கொடுத்தது ஒரு ‘பங்கேற்புச் சான்றிதழ்’. எங்கள் துறைத் தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதில் பல்கலைக்கழகத்தின் பேரே இல்லையேம்மா’ என்றார். அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கே மின்னஞ்சல் போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: அந்த ஒப்பந்தம் முன்பே முடிந்துவிட்டது, சின்னத்தைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை. பணம் கட்டுவதற்கு முன் அந்த ஒரு மின்னஞ்சலைப் போட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது. நீங்கள் போடுங்கள். மதிப்பெண் பட்டியலில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும் என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்திடமே நேராகக் கேளுங்கள்.

விசாவிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். படிப்புக்கான சேர்க்கைக் கடிதம் கேட்டேன். ‘சுற்றுலா என்றே போடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்’ என்றார்கள். படிக்கப் போகிறவளைச் சுற்றுலா என்று எழுதச் சொல்பவர்கள் எதற்கும் கையெழுத்துப் போட விரும்பவில்லை என்றுதானே அர்த்தம்? அப்போது அவசரம், தலையாட்டிவிட்டேன். இன்னொன்று, நாள்வாரி அட்டவணை. போவதற்கு முன் எனக்குக் காட்டியது வாரவாரித் தலைப்புகள் மட்டும்: ‘வாரம் 3: ஒளியும் உருவமும்’. எந்த நாள், எத்தனை மணி, யார் எடுப்பார், அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு செய்தாயிற்றா என்று எதுவும் இல்லை. ஒரு நல்ல படிப்பில் இது மாதக்கணக்கில் முன்பே தயாராக இருக்கும். பழைய மாணவர்களிடம் பேசுவதாக இருந்தால் அவர்கள் கொடுக்கும் எண்ணில் பேசாதீர்கள், நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். நான் அவர்கள் கொடுத்த எண்ணில்தான் பேசினேன். அங்கே போன பிறகு குரலை வைத்துக் கண்டுபிடித்தேன், அது அலுவலக உதவியாளர்.

பணம் திரும்பி வந்த கதை பாதிதான் நல்ல கதை. முன்பணம் 800 யூரோவைக் கார்டில் கட்டியிருந்தேன். கையேடு, என் நோட்டுப் பக்கங்கள், பல்கலைக்கழகத்தின் பதில் எல்லாவற்றையும் இணைத்து வங்கியில் புகார் கொடுத்ததில் ஐந்து மாதம் கழித்து அது வந்தது. மீதி 2,600 யூரோவை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பச் சொன்னார்கள். அதுவும் இத்தாலிக் கணக்குக்கு அல்ல, வேறொரு நாட்டுக் கணக்குக்கு. அது போனது போனதுதான். ஐரோப்பிய நுகர்வோர் மையத்துக்கு எழுதிப் பார்த்தேன். அங்கே வசிப்பவர்களுக்குத்தான் உதவ முடியும் என்றார்கள். நடத்தியவர்களிடமிருந்து கடைசியாக வந்த பதில், அடுத்த வருடப் படிப்பில் எனக்கு 15 சதவீதத் தள்ளுபடி.

அடுத்த வருடக் கையேட்டையும் கூடவே இணைத்திருந்தார்கள். நான்காம் பக்கத்தில் ஒரு படம், ‘மைக்கேலாஞ்சலோவின் தாவீது முன் வரையும் எங்கள் மாணவி’ என்ற தலைப்போடு. சதுக்கத்து வெயில், நகல் சிலை. நீலத் தொப்பியோடு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்றைக்குக் காலையில் பார்த்தேன், இன்னும் இருக்கிறது.