மணிக்கட்டு வழியா, தொடை இடுக்கு வழியா?

இதயத்துக்குக் குழாய் (கத்தீட்டர்) செலுத்த இந்த இரண்டு வழி உண்டு. இரண்டிலும் அடிப்படை 1953-இல் சுவீடன் கதிரியக்க மருத்துவர் செல்டிங்கர் காட்டியதுதான். ஊசியால் தமனியைக் குத்தி, உள்ளே கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேல் குழாயை ஏற்றுவது. தமனியின் பருமனும், அது கசிந்தால் நம் கண்ணில் படுமா என்பதும்தான் வேறுபாடு.

மணிக்கட்டின் ரேடியல் தமனி தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் மேல் கிடக்கிறது. கசிந்தால் உடனே தெரியும், விரலால் அழுத்தினால் நிற்கும். தொடை இடுக்கில் ஃபெமோரல் தமனியை அழுத்த, அடியில் தொடை எலும்பின் தலை இருக்கிறது. அதற்கு மேலே குத்திவிட்டால் அழுத்துவதற்கு எலும்பு கிடையாது. ரத்தம் வயிற்றறைக்குப் பின்னால் சேரும், வெளியே வீக்கம்கூட இருக்காது. முதுகிலோ விலாவிலோ வலி, காரணமில்லாமல் இறங்கும் ரத்த அழுத்தம், இவைதான் துப்பு. மிகக் கீழே, தமனி இரண்டாகப் பிரிந்த பிறகு குத்தினால், பொய்த் தமனி வீக்கமோ (துளைக்கு வெளியே ரத்தம் பை போலத் தேங்குவது) தமனி-சிரை இணைப்போ வரலாம்.

பலரும் தவறுவது தோல் மடிப்பை நம்பித்தான். பருமனானவர்களுக்கு அந்த மடிப்பு கீழே சரிந்திருக்கும். எலும்புத் தலையின் கீழ் விளிம்பில் ஒரு ஃபோர்செப்ஸை வைத்து ஃப்ளூரோஸ்கோப்பில் (ஓடும் எக்ஸ்-ரே திரையில்) பார்த்துக் குறியுங்கள். அல்ட்ராசவுண்ட் இருந்தால் இன்னும் நல்லது, தமனி பிரியும் இடமே திரையில் தெரியும்.

ரேடியலின் தொல்லை வேறு. தமனியின் விட்டம் 2 முதல் 3 மி.மீ., 6 பிரெஞ்ச் ஷீத்தின் (குழாய் போய்வரத் தமனியில் செருகும் உறை; பிரெஞ்ச் அதன் உள்விட்ட அளவு, 3 பிரெஞ்ச் 1 மி.மீ.) வெளிவிட்டம் ஏறத்தாழ 2.5 மி.மீ. இறுக்கிப் பிடிக்காமல் என்ன செய்யும்? மணிக்கட்டு மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, 21 கேஜ் ஊசியால் குத்துங்கள். மரப்பு மருந்து 1 மி.லி.க்கு மேல் வேண்டாம், நாடியே விரலுக்குச் சிக்காமல் போகும். கம்பி தடங்கினால் தள்ளாதீர்கள். ஷீத் ஏறியதும் தமனியைத் தளர்த்த நைட்ரோகிளிசரின் 200 மைக்ரோகிராம், வெராபமில் 2.5 மி.கி. (ரத்த அழுத்தம் இடம் கொடுத்தால்). ஹெப்பாரின் கிலோவுக்கு 50 யூனிட், உச்சம் 5000. தமனி பின்னால் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இது. இறுக்கிக்கொண்ட கத்தீட்டரை இழுத்துப் பிடுங்கக் கூடாது. மீண்டும் நைட்ரோ, கொஞ்சம் மயக்க மருந்து, பொறுமை.

வேலை முடிந்ததும் மணிக்கட்டில் கட்டும் காற்றுப் பட்டையை முழுக்க இறுக்கிவிட்டுப் போவதும் தமனி அடைபடக் காரணமே. கட்டைவிரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, உல்நார் தமனியை (சுண்டுவிரல் பக்கத் தமனி) அழுத்திக்கொண்டு, நாடி அலை திரும்பும் வரை பட்டையின் காற்றைக் குறையுங்கள். ரத்தம் வராமல் அலை மட்டும் தெரிந்தால், அளவு சரி.

தொடையில் கையால்தான் அழுத்துகிறோம் என்றால் 15, 20 நிமிடம், தோல் துளைக்கு 1-2 செ.மீ. மேலே. ஊசி சாய்வாகப் போனதால் தமனியின் துளை அங்கேதான் இருக்கிறது. பிறகு 4 முதல் 6 மணி நேரம் படுக்கை.

மாரடைப்பு, நெஞ்சுவலி அவசரங்களில் முதலில் மணிக்கட்டுதான். 8404 பேரை வைத்து 2015-இல் வெளிவந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் அந்த வழியில் ரத்தப்போக்கும் இறப்பும் குறைவு. டயாலிசிஸுக்கு அந்தக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைப்பது) வைக்க வேண்டியிருந்தால் ரேடியலைத் தொடாதீர்கள். வால்வு மாற்ற 14 பிரெஞ்ச் ஷீத் என்றால் உள்விட்டமே 4.7 மி.மீ. மணிக்கட்டில் ஏறாது, தொடைக்குத்தான் வர வேண்டும். ரேடியலிலேயே பழகிய கைக்கு அன்றைக்குத்தான் தொடை முதல் சோதனையாக இருக்கும். ஆகவே சாதாரண கேஸிலேயே அல்ட்ராசவுண்டோடு தொடையையும் பழகி வையுங்கள்.