க்யூட் 6: எழுதும்போது சுகம், அனுப்பும்போது சோதனை

பெரிய சிஎஸ்வி கோப்புகளைத் திறந்து தேடுவதற்கு ஒரு டெஸ்க்டாப் மென்பொருளை க்யூட் 6-இல் (Qt, ஜன்னல், பொத்தான் எல்லாம் உள்ள மென்பொருள் எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதி, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்படி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சிபிளஸ்பிளஸ், பழைய விட்ஜெட்ஸ் பாணிதான். திரையைத் தனி மொழியில் எழுதும் க்யூட்டின் இன்னொரு வழியான க்யூஎம்எல் பக்கம் நான் போகவில்லை. தாராளமாகப் பரிந்துரைப்பேன், ஆனால் பேக்கேஜிங்குக்கு, அதாவது மற்றவர் கணினியிலும் ஓடும்படி கட்டிக் கொடுப்பதற்கு, தனியாக நேரம் ஒதுக்கிவிட்டு இறங்குங்கள்.

பிடித்தது முதலில். அட்டவணையில் பத்து லட்சம் வரி இருந்தாலும் ஸ்க்ரோல் இழுக்காது, ஏனென்றால் அட்டவணையைக் காட்டும் டேபிள்வியூ, திரையில் தெரியும் கட்டங்களுக்கு மட்டும்தான் மாடலிடம் (தகவலைக் கொடுக்கும் பகுதி) தகவல் கேட்கிறது. கோப்பைப் படிக்கும் வேலையை மட்டும் மெயின் த்ரெட்டில் (ஜன்னலை நடத்தும் முக்கிய ஓட்டம்) வைத்துவிடாதீர்கள், ஜன்னல் அப்படியே உறைந்துவிடும். நான் அதை வேறு த்ரெட்டுக்கு மாற்றி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு சிக்னல் (க்யூட்டின் அறிவிப்பு முறை) அனுப்புகிறேன். த்ரெட் தாண்டிப் போகும் சிக்னலை க்யூட் தானே வரிசையில் போட்டு மெயின் த்ரெட்டில் சேர்த்துவிடுகிறது, இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது த்ரெட்கள் மோதாமல் இருக்க லாக் போட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும். அந்த இன்னொரு த்ரெட்டிலிருந்து நேரடியாக ஒரு லேபிளைக்கூடத் தொடக் கூடாது. நான் தொட்டேன். பத்து முறை ஓடும், பதினோராவது முறை விழும், காரணம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போனது.

ஹை டிபிஐ, அதாவது அடர்த்தியான திரைகளுக்கு ஏற்ப அளவைப் பெரிதாக்கும் வசதி, க்யூட் 6-இல் எப்போதுமே இயக்கத்தில் இருக்கிறது, க்யூட் 5 போல நாமே போட வேண்டியதில்லை. திரை அளவு 150 சதவீதத்தில் இருந்தபோது என் பிஎன்ஜி ஐகான்கள் மங்கின, எந்த அளவிலும் தெளிவாக இருக்கும் எஸ்விஜிக்கு மாற்றியதும் சரியானது.

அப்புறம் அந்தப் பேக்கேஜிங். என் கணினியில் அருமையாக ஓடிய எக்ஸிஇ, நண்பர் கணினியில் 'பிளாட்ஃபார்ம் பிளக்இன்' (க்யூட்டை அந்த இயங்குதளத்தோடு இணைக்கும் கோப்பு) கிடைக்கவில்லை என்று நின்றது. விண்டிப்ளாய்க்யூட்டி என்ற கருவியை ஓட்டினால் வேண்டிய டிஎல்எல்களும் (மென்பொருள் ஓடத் தேவையான நூலகக் கோப்புகள்) பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரும் பக்கத்திலேயே வந்துவிடும், நான் அதை ஓட்டாமல் டிஎல்எல்களைக் கையால் பொறுக்கியதுதான் தப்பு. மேக்கில் மேக்டிப்ளாய்க்யூட்டி இருக்கிறது, ஆனால் வரிசை முக்கியம்: முதலில் அதை ஓட்டி, பிறகு டிஜிட்டல் கையெழுத்திட்டு, கடைசியில் நோட்டரைஸ் செய்ய வேண்டும் (ஆப்பிளிடம் சரிபார்க்கக் கொடுப்பது). மாற்றிச் செய்தால் அந்தக் கருவி பண்டிலுக்குள் (மேக் மென்பொருளின் ஃபோல்டர்) கைவைக்கும்போது கையெழுத்து செல்லாமல் போய்விடும். லினக்ஸில் இப்படி ஒரு கருவி க்யூட்டோடு வருவதில்லை. புதிய டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் வகை) பில்டு செய்தது பழையதில் ஜிலிப்சி (glibc, லினக்ஸின் அடிப்படை நூலகம்) பதிப்பு போதவில்லை என்று நிற்கும், அதனால் ஆதரிக்கப்போகும் மிகப் பழைய டிஸ்ட்ரோவிலேயே பில்டு செய்யுங்கள். க்யூட் 6.5-இலிருந்து, லினக்ஸில் ஜன்னலைக் காட்டும் எக்ஸ்சிபி பிளக்இன்னுக்கு லிப்எக்ஸ்சிபி-கர்சர் (libxcb-cursor) என்ற நூலகம் வேண்டும், பல கணினிகளில் அது இருக்காது. சும்மா திறந்தால் ஒன்றுமே நடக்காது, டெர்மினலில் இருந்து ஓட்டினால்தான் பிழைச்செய்தியே கண்ணில் படும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கிய மாட்யூல்கள் எல்ஜிபிஎல் 3 (LGPL) என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, டைனமிக்காக லிங்க் செய்து (க்யூட்டைத் தனிக் கோப்பாகவே வைத்து இணைத்து) அதன் மற்ற நிபந்தனைகளையும் மதித்தால் உங்கள் நிரலை மூடியே வைத்துக்கொள்ளலாம். எல்லா மாட்யூலும் அப்படி இல்லை. வரைபடம் போடும் க்யூட் சார்ட்ஸ் ஜிபிஎல் (உங்கள் நிரலையும் திறக்கச் சொல்லும் உரிமம்) அல்லது கட்டண உரிமம் மட்டும்தான். நான் அதை வைத்து வரைபடம் போட்டு முடித்த பிறகுதான் உரிமப் பக்கத்தைத் திறந்தேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு க்யூட்டின் வரையும் வசதியான க்யூபெயின்டரில் கையால் வரைந்தேன்.