தேக்கைக் கலைக்க: வரிசை வெட்டா, பார்த்து வெட்டா?

அரை ஏக்கரில் 2 மீட்டருக்கு ஒன்று என்று தேக்கு வைத்தால் ஏறத்தாழ 500 கன்று பிடிக்கும். ஐந்தாறு வருடத்தில் இலையோடு இலை முட்டும், கீழ்க்கிளைகள் காயும், மரம் உயருமே தவிரப் பருக்காது. எள்ளில் நெருக்கம் குறையச் சில செடிகளைப் பிடுங்கிக் கலைக்க யாரும் யோசிப்பதில்லை. மரத்தைக் கலைக்கச் சொன்னால் மட்டும் கை நடுங்குகிறது. கலைக்காமல் விட்டாலும் நலிந்த மரம் எப்படியும் சாகும், பக்கத்து மரத்தையும் இளைக்க வைத்துவிட்டு.

வெட்டுவதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, வரிசை வெட்டு. மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் வரிசைகளில் ஒன்றுவிட்டு ஒன்றை அப்படியே எடுத்துவிடுவது. பெரிய தேக்குத் தோட்டங்களில் முதல் கலைப்பு பெரும்பாலும் இப்படித்தான். பாதி மரம் போகும், மிஞ்சியவற்றுக்கு இடையே 2.83 மீட்டர் கிடைக்கும். வெட்டும் ஆளுக்குக் குழப்பமில்லை, மரம் சாயவும் இடம் இருக்கும். ஆனால் கோணல் மரம் தப்பி, அம்பு மாதிரி நின்ற மரம் விழும். அதுதான் வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, பார்த்து வெட்டுவது. ஒல்லி, கோணல், நுனி முறிந்தது, கவட்டை விட்டது எல்லாம் போக, நேரானவை நிற்கும். ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்து, வெட்ட வேண்டியதற்குச் சுண்ணாம்பால் குறி போட வேண்டும். தேக்கு தை, மாசியில் இலை உதிர்த்துவிடும். அப்புறம் எந்த மரம் எதை அமுக்குகிறது என்று தெரியாது. அதனால் கார்த்திகையிலேயே குறித்து வைத்து, இலை கொட்டிய பிறகு வெட்டுவது என் வழி. சங்கடம் வருவது நான்கு நல்ல மரங்கள் நெருக்கி நிற்கும் இடத்தில். அங்கேயும் ஒன்று போகத்தான் வேண்டும். அதற்காக ஒரே தடவையில் அதிகம் திறந்துவிடவும் கூடாது. நெருக்கத்தில் ஒல்லியாக வளர்ந்த மரம் காற்றில் சாயும், வெயில் பட்ட அடிமரத்தில் பக்கத்துளிர் வெடித்துக் கணு விழும்.

விறகுக்கு இரண்டும் ஒன்றுதான். வரிசை வெட்டில் நேரான கழிகளும் கிடைக்கும், ஆனால் இளந்தேக்கில் வைரம் என்னும் கெட்டியான நடுக்கட்டை குறைவு; வேலிக்கு ஊன்றினால் கரையானுக்குத்தான் விருந்து. அடுப்புக்கே வையுங்கள். பச்சையாக இருக்கும்போதே பிளந்து, தரையில் படாமல் கல்மேல் அடுக்கினால் கோடை வெயிலில் காய்ந்து மழைக்கு முன் தயாராகிவிடும்.

என்னைக் கேட்டால், பல ஏக்கர் வைத்திருப்பவருக்கு முதல் தடவை வரிசை வெட்டு சரி. வீட்டுத் தோப்புக்கு ஆரம்பத்திலிருந்தே பார்த்து வெட்டுவதுதான். 500 மரத்தைச் சுற்றிவர இரண்டு சாயங்காலம் போதும், ஐயா.

மூன்றாவதாக ஒரு வழியை வியாபாரி சொல்வார்: “பருத்ததை நான் எடுத்துக்கிறேன், வெட்டுக்கூலியும் மிச்சம்.” அவர் போனபின் தோப்பில் நிற்பது நாம் கழிக்க நினைத்த மரங்கள்தான். அவரை மட்டும் சுண்ணாம்பு வாளியைத் தொட விடாதீர்கள். தேக்கு என்பதால், வெட்டும் முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வெட்டிய கட்டையிலிருந்து மழை விழுந்ததும் துளிர் கிளம்பும். இளசாக இருக்கும்போதே தட்டிவிடுங்கள். விட்டால் இரண்டே வருடத்தில் பழைய நெருக்கடி திரும்பிவிடும்.